காலடியில் கிடப்பது யார்?

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. பின்வரிசையில் காக்கிச் சீருடையில் வனத்துறையினர் நிமிர்ந்து நிற்பார்கள். முன்வரிசையில் நான்கு பேர் தரையில் குந்தவைக்கப்பட்டிருப்பார்கள். பெரும்பாலும் மேலே சட்டை இருக்காது. அவர்களுக்கு முன்னால் செத்துப்போன இரண்டு முயல், ஒரு உடும்பு, சுருட்டிய வலை, ஒரு வேல்கம்பு, தலையில் கட்டும் பேட்டரி லைட். கீழே ஒரு வரி: வனவிலங்குகளை வேட்டையாடிய கும்பல் பிடிபட்டது.

கும்பல் என்ற சொல்லைக் கவனியுங்கள். பல நேரங்களில் அந்த நால்வர் அப்பனும் மகனும் மச்சானும் பக்கத்து வீட்டுக்காரருமாக இருப்பார்கள். உறவுமுறை சொல்ல வேண்டிய இடத்தில் கும்பல் என்று எழுதுகிறார்கள். அந்த முயலின் கறி நான்கு வீட்டுக்கு ஒருவேளைக் குழம்புக்குக் கூடக் காணாது. ஆனால் அந்தப் படம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும்.

நம்மில் பலர் இந்தப் படத்தைப் பார்த்தவுடன் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "பாவம் அந்த முயல்" என்று பகிர்கிறோம். அல்லது விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். இரண்டும் தவறு என்கிறோம். இந்தப் படத்தைப் படிக்கக் கற்க வேண்டும். வேட்டைப் படத்தைப் படிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: காலடியில் கிடப்பது யார்?

ராஜாக்கள் எடுத்துக்கொண்ட படம்

வனத்துறையின் படத்துக்கு ஒரு முன்னோர் உண்டு. அது அரண்மனைச் சுவர்களில் தொங்கும் ஷிகார் படம். துரையோ மகாராஜாவோ துப்பாக்கியோடு நிற்பார். புலி காலடியில் கிடக்கும். பின்னால், கொஞ்சம் மங்கலாக, வெறுங்காலோடு பத்து இருபது பேர் நிற்பார்கள்.

1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் முடிசூட்டு விழாவை முடித்துக்கொண்டு ஐந்தாம் ஜார்ஜ் நேபாளத்துக்கு வேட்டைக்குப் போனார். பத்து நாளில் அந்தக் கூட்டம் கொன்றது 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள், 4 கரடிகள். 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவின் விருந்தினர் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அந்த எண்ணிக்கையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கல்வெட்டைப் பார்க்கலாம். 1961இல் இங்கிலாந்து ராணி வந்தபோது ஜெய்ப்பூர் மகாராஜாவின் விருந்தாளியாகப் போய், அவர் கணவர் பிலிப் ரந்தம்பூர் காட்டில் புலி சுட்டார். செத்த புலிக்குப் பின்னால் ராணி, கணவர், மகாராஜா, மகாராணி வரிசையாக நின்று எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. குடியரசாகிப் பதினோரு ஆண்டு கழித்து எடுத்த படம் அது.

இவர்களில் ஒருவர்கூடப் பசிக்கு வேட்டையாடவில்லை. ஒருவரைக்கூட யாரும் கும்பல் என்று எழுதவில்லை.

அந்தப் படங்களின் பின்வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிப் பேசுவோம். தப்பட்டை அடித்து, கூச்சல் போட்டு, புதரைக் கலைத்து, புலியைத் துப்பாக்கியின் முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். புலி திரும்பினால் முதலில் சாகிறவர்களும் அவர்கள்தான். சமஸ்தானங்களில் இது பேகார், அதாவது கூலியில்லாத கட்டாய வேலை. அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்ட சாதியார், பழங்குடியினர். தோலை உரித்ததும் அவர்கள்தான். ஆல்வார், மேவார் போன்ற ராஜபுத்திர சமஸ்தானங்களில் காட்டுப்பன்றி வயலை அழித்தாலும் உழவன் அதைத் தொடக்கூடாது. ராஜாவின் வேட்டைக்காக வளர்க்கிற பன்றி அது. படத்துக்கு அடியில் புலியின் நீளம் அங்குலக் கணக்கில் இருக்கும். துரையின் பெயர் பட்டங்களோடு இருக்கும். பின்வரிசையில் நிற்கிற ஒருவர் பெயரும் இருக்காது.

இந்தியச் சிறுத்தை என்று சொல்லப்பட்ட சீட்டா எப்படி முடிந்தது தெரியுமா? 1947 வாக்கில், இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா இரவு நேரத்தில் மூன்று சீட்டாக்களைச் சுட்டார். மூன்றையும் வரிசையாகக் கிடத்தி, துப்பாக்கியோடு பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். இந்த நாட்டில் உயிரோடு பார்க்கப்பட்ட கடைசிச் சீட்டாக்கள் என்று இவற்றைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். 1952இல் அந்த இனம் இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பக்கத்துச் சமஸ்தானமான சுர்குஜாவின் மகாராஜா, வாழ்நாளில் ஆயிரத்து நூறு புலிகளுக்கு மேல் சுட்டதாகத் தானே கணக்குச் சொன்னவர்.

காட்டைக் காலி செய்தது யார் என்பதற்கு சாட்சி வேண்டுமா? அவர்களே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சாஸ்திரம் கொடுத்த தொழில், சட்டம் பறித்த தொழில்

மநுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்திருக்கிறீர்களா? படியுங்கள். காட்டு விலங்கைக் கொல்வதை மேதர், ஆந்திரர் முதலிய சாதிகளுக்கும், வளையில் வாழும் உயிரினங்களைப் பிடித்துக் கொல்வதைக் க்ஷத்தா, உக்கிரர், புக்கசர் என்ற 'கலப்புச் சாதி'களுக்கும் தொழிலாக விதிக்கிறது அது. எலியும் உடும்பும் வளையில் வாழ்கிறவைதான். அதைப் பிடிக்கிறவன் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். அதைத் தின்கிறவன் தீட்டு. அதே நூல் அரசனுக்கு வேட்டையை ஒரு தீய பழக்கம் என்றும் எச்சரிக்கிறது. எந்த ராஜா கேட்டான்? ராஜா கேட்காவிட்டாலும் ராஜா தீட்டாகிவிடவில்லை. வேட்டை இழிவு என்பது எப்போதும் வேட்டையாடுகிறவனின் சாதியைப் பொறுத்தே இருந்தது.

வெள்ளைக்காரன் வந்த பிறகு இதற்குச் சட்டப் புத்தகம் கிடைத்தது. 1879இல் நீலகிரியில் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு யாருக்கு? துப்பாக்கியும் உரிமமும் வைத்திருந்த தோட்ட முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் வேட்டை தீர்ந்துவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு. உதகையின் புல்வெளிகளில் துரைமார் குதிரையேறி, சிவப்புக் கோட்டு போட்டு, நாய்க்கூட்டத்தை அவிழ்த்துவிட்டு நரியை விரட்டினார்கள். அதற்கு மன்றம் இருந்தது, விருந்து இருந்தது, கோப்பை இருந்தது. சமவெளியில் அதே நரியைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றவர்களின் பெயரிலேயே நரி ஒட்டிக்கொண்டது. துரை விரட்டினால் விளையாட்டு, குறவன் பிடித்தால் இழிதொழில்.

1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பெரியவர்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதிக்காகவே காவல் நிலையத்தில் ரேகை வைத்தார்கள். 1952இல் அந்தச் சட்டம் போனது. ஆனால் "இவன் சாதியே இப்படித்தான்" என்கிற பார்வை போகவில்லை. அன்றைக்குப் பெருவிரல் ரேகை, இன்றைக்கு முகத்தின் படம். வேட்டையாடிப் பிடிபட்டவரைக் குந்தவைத்து எடுக்கிற படம் அந்தக் கைரேகையின் மறுபிறப்பு என்பதே எங்கள் வாதம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தேவையில்லாத சட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. ராஜாக்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி தேவைப்பட்டது. ஆனால் எப்படி வைத்தார்கள் என்று பாருங்கள். தொடக்கத்தில் கட்டணம் கட்டி உரிமம் வாங்கி வேட்டையாட அந்தச் சட்டத்திலேயே வழி இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அதை எடுத்தார்கள். அதாவது பணமும் துப்பாக்கியும் இருந்தவனுக்குப் பத்தொன்பது ஆண்டு அவகாசம். கண்ணியும் வலையும் வைத்திருந்தவனுக்கு உரிமம் யார் கொடுத்தார்கள்?

இந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, கையில் வனவிலங்கோ அதன் கறியோ இருந்தது நிறுவப்பட்டால் அது சட்டவிரோதமானது என்றே அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பிடிபட்டவர் தலையில். முதல் அட்டவணையில் புலி இருக்கிறது, யானை இருக்கிறது. உடும்பும் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு சிறை. தோல் கடத்துகிறவன் கொன்ற புலியும், இருளர் ஒருவர் குழம்புக்குப் பிடித்த உடும்பும் ஒரே தண்டனைப் பிரிவில் வருகின்றன. 1998இல் ராஜஸ்தானில் வெளிமான் வேட்டை வழக்கில் சிக்கிய நடிகர் சல்மான் கானுக்கு 2018இல் ஐந்தாண்டு தண்டனை விதித்தார்கள். இருபது ஆண்டு நடந்த வழக்கு. தீர்ப்புக்குப் பின் இரண்டு இரவு சிறையில் இருந்தார், பிறகு ஜாமீன். நாட்டின் பெரிய வழக்கறிஞர்கள் அவருக்கு வந்தார்கள். முயல் வலையோடு பிடிபட்ட கூலித் தொழிலாளிக்கு வருவது யார்?

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது, பழங்குடிகளுக்கு இழைத்த வரலாற்று அநீதியைச் சரிசெய்வதாக முன்னுரையிலேயே எழுதினார்கள். தேன், கிழங்கு, விறகு, மேய்ச்சல், மீன் என்று உரிமைகளை வரிசையாக அடுக்கினார்கள். வேட்டை வந்ததும் 3(1) பிரிவின் கடைசியில், வேட்டையாடும் மரபுரிமை நீங்கலாக என்று ஒரு வாசகத்தைச் செருகிக் கதவை அடைத்தார்கள். அதே நேரத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு இருந்த வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. ஆக, உணவுக்கான வேட்டையையும் வணிக வேட்டையையும் பிரித்துப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியும். கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்குப் பிரித்துப் பார்த்தது. சேரிக்கும் மலையடிவாரத்துக்கும் மட்டும் பார்க்க மறுக்கிறது.

பறித்த பிறகு என்ன கொடுத்தார்கள்? இருளர்கள் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தார்கள். தடை வந்தது. 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் திருப்பி விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்து பெருமளவு அவர்கள் கையிலிருந்து வருகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் அதே சமூகத்தில் சங்கத்துக்கு வெளியே இருக்கிற ஆயிரக்கணக்கானோர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டார்கள். நரிக்குறவர்கள் ஊசிமணி பாசிமணியோடு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை இழுத்தார்கள். வேட்டைக்காரனுக்கு நிலம் கொடுத்திருந்தால், பள்ளி கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

கொல்லலாம், தின்னக்கூடாது

விலங்கின் உயிர் மேல் இருக்கிற இரக்கம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறீர்களா? காட்டுப்பன்றி விவகாரத்தைப் பாருங்கள்.

2022இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுகிறவர் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறியை எடுக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறை வேறு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம்.

உழவர்களின் துயரம் உண்மையானது. அதை நாங்கள் மறுக்கவில்லை. நிலமுள்ளவனின் பயிருக்காகப் பன்றி சாகலாம் என்றால், அது கொல்லக்கூடாத புனித உயிர் அல்ல என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்புறம் எது குற்றம்? துப்பாக்கி உரிமம் உள்ளவன் சுட்டால் சேவை, நாயும் வேல்கம்பும் வைத்திருப்பவன் கொன்றால் குற்றம். குழியில் போட்டு மண் தள்ளினால் முறை, சட்டியில் போட்டால் ரிமாண்ட். கறிக்கு அனுமதித்தால் வணிக வேட்டை பெருகும், நோய் வரும் என்கிறார்கள். கால்நடை மருத்துவர் சோதித்து ஊராட்சி பங்கிட்டுத் தருவதற்கு என்ன தடை? மனம் இருந்தால் வழி உண்டு. பசித்தவன் தட்டைவிட மண்ணுக்குள் அழுகுவது மேல் என்று நினைக்கிற மனத்தை நமக்குத் தெரியும். மாட்டுக்கறி விஷயத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் இருக்கும் தொடர்பை 1948இலேயே தனி நூலாக எழுதிய அம்பேத்கரின் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

நம் ஊர்க் கோயில்களையும் பாருங்கள். பல கோயில்களில் சாமி பரிவேட்டைக்குப் புறப்படுகிறது. அம்மன் அம்பு விடுகிறாள், பெருமாள் பல்லக்கில் காட்டுக்குப் போகிறார். காவல்துறை பாதுகாப்புக் கொடுக்கிறது. சிவனுக்குப் பன்றிக்கறி படைத்த வேடன் கண்ணப்பனை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். பன்றியோடு போராடிச் செத்தவனுக்குப் பன்றிகுத்திப்பட்டான் கல் நட்டார்கள். புலியோடு போராடியவனுக்குப் புலிக்குத்திக் கல் நட்டார்கள். அந்தக் கற்களில் வீரன் நிமிர்ந்து நிற்கிறான், ஆயுதம் கையில் இருக்கிறது, விலங்கு எதிரே நிற்கிறது. கல்லில் இருந்தால் தொல்லியல், கோயிலில் இருந்தால் பக்தி, சேரியில் இருந்தால் வழக்கு.

நம் சேரிகளில் வயல் எலியும் நத்தையும் நண்டும் மடையானும் சோற்றோடு சேர்ந்தே வந்தவை. கூலி நெல் போதாத மாதங்களில் எலி வளையை வெட்டினால் இரண்டு கிடைக்கும்: கறிக்கு எலி, கஞ்சிக்கு அது சேர்த்து வைத்த நெல். நிலக்காரன் வயலில் எலி தின்ற நெல்லையே எடுத்துத் தின்று பிழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடத்தில் வசவு வாங்காத தலைமுறை நம்மில் குறைவு.

துப்பாக்கி போய் கேமரா வந்தது

இனி இன்றைய காட்டுக்கு வருவோம். இப்போது அங்கே துரை இல்லை, சுற்றுலாப் பயணி இருக்கிறார். துப்பாக்கி இருந்த இடத்தில் முழ நீள லென்ஸ். 1920களில் சாம்பியன் என்ற ஆங்கிலேய வனத்துறை அதிகாரி, புலி மிதித்தால் தானே படம் எடுக்கும்படி கம்பி இழுத்துக் கேமரா வைத்தார். துப்பாக்கியைவிடக் கேமரா நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காடு யாருடையது என்ற கேள்விக்குக் கேமரா வேறு பதில் சொல்லிவிடவில்லை.

முன்னே சொன்ன சீட்டாவுக்கே திரும்புவோம். 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சீட்டாக்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டார்கள். பிரதமர் தொப்பியும் கேமராவுமாக நின்று படம் எடுத்தார். நாடே பார்த்தது. ராஜா கொன்றுவிட்டுப் படம் எடுத்தார், பிரதமர் கொண்டுவந்துவிட்டுப் படம் எடுத்தார். இரண்டு படத்துக்கும் வெளியே நிற்கிறவர்கள் சஹாரியா பழங்குடிகள். அதே குனோவிலிருந்து 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். அப்போது சொன்ன காரணம் சீட்டா இல்லை, குஜராத்திலிருந்து சிங்கம் வரப்போகிறது என்றார்கள். சிங்கம் வரவே இல்லை. மக்கள் போனது போனதுதான். மகாராஜா சுட்ட மூன்று சீட்டாக்களுக்கான அபராதத்தை மகாராஜாவின் வாரிசுகளா கட்டினார்கள்? சஹாரியாக்கள் கட்டினார்கள்.

பரத்பூரிலும் இதே கதை. 4,273 பறவை சுட்ட இடம் தேசியப் பூங்கா ஆனது. மகாராஜாவைத் தண்டிக்க யாரும் இல்லை. 1982இல் அங்கே மாடு மேய்க்கத் தடை போட்டு, எதிர்த்த கிராமத்தவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் போயின.

உத்தரகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புலியைக் கணக்கெடுக்க வைத்த கேமராக்கள் விறகு பொறுக்கப் போகும் பெண்களைப் படம் பிடிக்கின்றன. பறக்கும் ட்ரோனைத் தலைக்கு மேலே விட்டுப் பெண்களை விரட்டுகிறார்கள். காட்டில் மலம் கழிக்க ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழ, அதை எடுத்து உள்ளூர் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்பினார்கள். ஊர்க்காரர்கள் கோபத்தில் கேமராக்களை உடைத்தார்கள். தாங்கள் பாடிக்கொண்டு போன காட்டில் பெண்கள் இப்போது வாயைத் திறக்கவும் கூச்சப்படுகிறார்கள் என்கிறது ஆய்வு. பாட்டுச் சத்தம் புலிக்கும் யானைக்கும் ஆள் வருவதைச் சொல்லும் எச்சரிக்கை. அது நின்றால் உயிருக்கு ஆபத்து. இதற்கு என்ன பெயர்? பெண்களை வேட்டையாடுவது என்றுதான் நாங்கள் சொல்வோம்.

அட்டப்பாடியில் எடுத்த செல்ஃபி

இந்த வரிசையின் கடைசிப் படம் உங்கள் கைப்பேசியிலும் ஒருநாள் வந்திருக்கும். 2018 பிப்ரவரி 22. நம் கோவைக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப்புறம் அட்டப்பாடி. மது என்கிற பழங்குடி இளைஞர், மனநலம் குன்றியவர், காட்டில் தனியே வாழ்ந்தவர். கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டுக்குள் தேடிப் போனது. கண்டுபிடித்தார்கள். கையைக் கட்டினார்கள். அடித்தார்கள். அப்புறம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் போகிற வழியில் மது இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல்.

அந்தச் செல்ஃபியை ஷிகார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடம் பார்த்துப் போனது, வளைத்தது, கட்டியது, கொண்டுவந்தது, படம் எடுத்தது. ஒரு படியும் மாறவில்லை. ராஜாவின் படத்தில் காலடியில் விலங்கு மட்டும். வனத்துறையின் படத்தில் விலங்கும் மனிதனும். அட்டப்பாடியின் படத்தில் மனிதன் மட்டும்.

அரிசிக்காக மது செத்தார். இனியும் யாராவது எங்களிடம் வந்து "வேட்டையாடித்தான் தின்ன வேண்டுமா, ரேஷனில் அரிசி கொடுக்கிறார்களே" என்று கேட்டால், இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

எங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள்

அப்படியானால் எல்லோரும் வேட்டைக்குக் கிளம்பலாமா? இல்லை. எறும்புத்தின்னியின் செதிலையும் தேவாங்கையும் தந்தத்தையும் விற்கிறவர்களுக்காக நாங்கள் வாதாடவில்லை. அந்த வணிகத்தில் மேலே இருக்கிறவன் நம் ஆளைக் கூலிக்கு அனுப்பி, பிடிபட்டால் கைகழுவுகிறான். அவுட்டுக்காய் வைத்தால் பன்றி மட்டும் சாவதில்லை, யானைக் கன்றின் வாய் சிதறுகிறது. சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் துடிக்கிறது. இவற்றை எதிர்க்கிறோம். அதே மூச்சில் திருட்டு மின்வேலியையும் பேசுங்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் பக்கத்தில் நின்று தவித்தன. மின்வேலி போட நிலம் வேண்டும். நிலமில்லாதவன் அதைப் போட முடியாது.

விலங்கின் மேல் உங்களுக்கு இரக்கம் இல்லையா? உண்டு. நான்கு தலைமுறையாக ஒரு காட்டில் வேட்டையாடியும் அங்கே முயல் மிச்சமிருந்தது என்றால், சினையை விட்டுவிட வேண்டும், குட்டியைத் தொடக்கூடாது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தவனிடமும், அணை கட்டியவனிடமும், மலையைக் குவாரியாக்கியவனிடமும் அந்தக் கணக்கு இல்லை. அவன் படம் மாவட்டப் பக்கத்தில் வருவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது நம் தம்பிகளுக்கு. செத்த உடும்பைத் தோளில் போட்டுக்கொண்டு, நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, பின்னணியில் சாதிப் பாட்டோ சினிமாப் பாட்டோ ஓட ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள். யூடியூப்பில் ஏற்றுகிறீர்கள். நம் தாத்தா அப்படி நின்றதில்லை. அந்த நிற்பு ராஜாவுடையது. அவன் கால் வைத்த மாதிரி நீங்களும் கால் வைத்தால் நீங்கள் ராஜா ஆகிவிட மாட்டீர்கள். ராஜாவின் படம் சுவருக்குப் போகும், உங்கள் படம் குற்றப்பத்திரிகைக்குப் போகும். முகம், தேதி, இடம், விலங்கு எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். பசிக்குக் கொன்றதைப் பெருமைக்குக் கொன்றதாக மாற்றுவதும் அந்தப் படம்தான். மிச்சமிருக்கிற ஒரே நியாயத்தையும் லைக்குக்கு விற்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

ஒன்று. பிடிபட்டவர்களைக் குந்தவைத்து எடுத்த படத்தைப் பகிராதீர்கள். யாராவது குழுவில் போட்டால் அங்கேயே கேள்வி கேளுங்கள். நீதிமன்றம் விசாரிக்காத ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டும் உரிமை எந்தத் துறைக்கும் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உடையைக் களைந்து, அரைநிர்வாணமாக ஊர்வலம் விட்டு மாண்பைக் குலைப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டையைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தோடு வழக்கறிஞரைப் பாருங்கள். செய்யச் சொன்னவரே படத்தில் பின்வரிசையில் நிற்கிறார், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இரண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் வனக்கோட்டத்துக்கு மனுப் போடுங்கள். ஐந்து ஆண்டில் எத்தனை வேட்டை வழக்கு, என்ன விலங்கு, எத்தனை வழக்கில் பணம் கட்டி இணக்கமாக முடித்தார்கள், வசூலித்த தொகை எவ்வளவு, கைதானவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, சீர்மரபினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆட்டை விற்று அபராதம் கட்டிய குடும்பங்களின் கணக்கு வெளியே வரட்டும்.

மூன்று. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தரும் உரிமை. வருமானச் சான்று தேவையில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெற்றுத்தாளில் ரேகை வைத்தவர்கள் எத்தனையோ பேர். சட்டக் கல்லூரி மாணவர்களே, உங்கள் தாலுகாவில் ஒரு முகாம் போதும்.

நான்கு. கோரிக்கையை நேராக வையுங்கள். உணவுக்கான சிறு வேட்டையையும் வணிக வேட்டையையும் சட்டம் பிரிக்க வேண்டும். குழம்புக்குப் பிடித்த உடும்புக்குப் புலிக்கான தண்டனை கூடாது. அரசே சுட அனுமதிக்கும் பன்றியின் கறியைச் சோதித்து மக்களுக்குக் கொடுக்க வேண்டும். வேட்டையை விட்ட சமூகங்களுக்கு நிலமும் வேலையும் கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, 1972 முதல் நிற்கிற பாக்கி.

ஐந்து. கேமராவை நாமும் எடுப்போம், ஆனால் வேறு எதற்கோ. வலை பின்னும் விரலை, எலி வளைக்கு மூட்டம் போடும் முறையை, எந்த மாதத்தில் எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் பாட்டியின் குரலை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரோடு பதிவு செய்யுங்கள். ஷிகார் படத்தின் பின்வரிசையில் பெயரில்லாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பெயர்களை எழுத வேண்டியதும் நாம்தான்.

அடுத்த முறை அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கு வரும். வராமல் இருக்காது. பகிரும் பொத்தானுக்கு விரல் போகும் முன் காலடியைப் பாருங்கள். அங்கே குந்தியிருப்பவர் நம் ஆள்.

ஜெய் பீம்.